பேச்சும் நெஞ்சும்: அன்றும் இன்றும்

1960-களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவின் சில நிறுவனங்களில் ஒரு வித்தியாசமான நேர்காணல் நடந்தது. நடுவயது ஆண்கள் ஒவ்வொருவராக அறைக்குள் வந்து உட்கார்ந்தார்கள். கேள்வி கேட்டவர் நன்றாகப் பயிற்சி பெற்றவர்தான். ஆனாலும் சில கேள்விகளை வேண்டுமென்றே தடுமாறிக் கேட்டார். காலையில் எத்தனை மணிக்கு எழுந்திருப்பீர்கள் என்ற சாதாரணக் கேள்விகூட இழுத்து, நிறுத்தி, மறுபடி தொடங்கி வந்தது. சிலர் கேள்வி முடியும்வரை காத்திருந்து நிதானமாகப் பதில் சொன்னார்கள். வேறு சிலருக்கு அவ்வளவு பொறுமை இல்லை. கேள்வி பாதியில் நிற்கும்போதே “ஆறு மணிக்கு” என்று பதில் வந்து விழுந்தது.

அந்தப் பதிலில் இருந்த மணிக்கணக்கு யாருக்கும் தேவைப்படவில்லை. அடுத்தவர் பேச்சை வெட்டினாரா, குரல் எவ்வளவு உயர்ந்தது, சொற்கள் எவ்வளவு வேகமாக வந்தன, வாக்கியத்தின் கடைசிச் சொற்களை விழுங்கினாரா, நடுவில் பெருமூச்சு விட்டாரா என்றுதான் குறித்துக்கொண்டார்கள். ஒருவர் பேசும் விதத்தை வைத்தே அவருக்கு மாரடைப்பு வருமா என்று சொல்லிவிட முடியும் என்பது அந்த ஆய்வாளர்களின் நம்பிக்கை. அந்த நம்பிக்கை உலகம் முழுக்கப் பரவியது, பிறகு சரிந்தது. சரிந்த இடத்திலேயே அதைவிட உறுதியான ஓர் உண்மையும் கிடைத்தது. எது உதிர்ந்தது, எது நிலைத்தது என்று தெரிந்துகொள்வது நம் ஒவ்வொருவருக்கும் பயன் தரும்.

அன்று: அவசரக்காரர்களின் நோய்

1950-களின் அமெரிக்காவில் மாரடைப்பு ஆண்களை நடுவயதிலேயே வாரிக்கொண்டு போயிற்று. 1955 செப்டம்பரில் அதிபர் ஐசன்ஹோவருக்கே டென்வர் நகரில் மாரடைப்பு வந்தது. அதற்கு முந்தைய நாள் கோல்ஃப் மைதானத்தில் அவர் ஆடிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அழைப்புகள் திரும்பத் திரும்ப வந்து ஆட்டத்தைக் குலைத்தன. அவர் கடுங்கோபம் கொண்டார். முன்கோபி என்று ஏற்கெனவே பெயர் எடுத்தவர்தான். பல ஆண்டுகள் ஓயாமல் சிகரெட் பிடித்து, 1949-இல் விட்டவர். இரண்டில் எது அவர் நெஞ்சைக் கெடுத்தது என்று அன்று அறுதியிட்டுச் சொல்ல யாரும் இல்லை.

அந்தக் காலத்து இதய மருத்துவர்கள் கொழுப்பு, உணவு, உடற்பருமன் பற்றி விவாதித்துக்கொண்டிருந்தார்கள். மனத்தைப் பற்றிப் பேசுவது அறிவியலுக்குப் பொருந்தாதது என்ற எண்ணம் பலரிடம் இருந்தது. சான்ஃபிரான்சிஸ்கோவின் மவுண்ட் சயன் மருத்துவமனையில் பணிபுரிந்த மேயர் ஃபிரீட்மன், ரே ரோசன்மன் என்ற இரண்டு இதய மருத்துவர்கள் வேறு திசையில் யோசித்தார்கள். அவர்களுடைய காத்திருப்பு அறை நாற்காலிகளுக்கு மேலுறை மாற்ற வந்த ஒருவர், உறைகள் முன்விளிம்பில் மட்டும் தேய்ந்திருப்பதைப் பார்த்து வியந்ததாக ஃபிரீட்மன் பின்னாளில் பலமுறை சொன்னார். இதய நோயாளிகள் சாய்ந்து உட்காராமல், எப்போது கூப்பிடுவார்கள் என்று விளிம்பிலேயே உட்கார்ந்திருந்திருக்கிறார்கள்.

அடுத்து அவர்கள் வருமானவரிக் கணக்காளர்களை ஆராய்ந்தார்கள். அமெரிக்காவில் வரிக் கணக்கு தாக்கல் செய்ய ஏப்ரல் 15 கடைசி நாள். அந்த நாள் நெருங்க நெருங்கக் கணக்காளர்களின் ரத்தத்தில் கொலஸ்டிரால் ஏறியது, ரத்தம் உறையும் வேகமும் கூடியது. மே, ஜூன் மாதங்களில் இரண்டும் இறங்கின. உணவில் சொல்லத்தக்க மாற்றம் இல்லை. 1958-இல் வெளிவந்த இந்த முடிவு, மன அழுத்தம் ரத்தத்தில் அளக்கத்தக்க மாற்றத்தை உண்டாக்குகிறது என்பதைக் காட்டிய தொடக்ககாலச் சான்றுகளில் ஒன்று.

1959-இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரையில் ‘ஏ’ என்றும் ‘பி’ என்றும் இரண்டு முக்கியக் குழுக்கள் இருந்தன. ஒவ்வொன்றிலும் 83 ஆண்கள். ஏ குழுவினர் எப்போதும் நேரத்தோடு மல்லுக்கட்டுகிறவர்கள், போட்டி மனமுள்ளவர்கள், ஒரே சமயத்தில் இரண்டு வேலை பார்க்கிறவர்கள், சட்டென்று எரிச்சல்படுகிறவர்கள். பி குழுவினர் அப்படி இல்லாதவர்கள். இதயத் தமனி நோய் ஏ குழுவில் 28 சதவீதம் பேரிடமும் பி குழுவில் 4 சதவீதம் பேரிடமும் காணப்பட்டது. ஏழு மடங்கு வித்தியாசம் என்றால் யார் காதில்தான் விழாது?

பிறகுதான், தொடக்கத்தில் சொன்ன நேர்காணல்கள் இடம்பெற்ற அந்தப் பெரிய ஆய்வு தொடங்கியது. 39 முதல் 59 வயதுவரை உள்ள 3,154 ஆண்களை எட்டரை ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். 257 பேருக்கு இதய நோய் வந்தது. வயது, புகைப்பழக்கம், ரத்த அழுத்தம், கொலஸ்டிரால் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும் ஏ-வகையினருக்கு ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்கு இருந்தது. 1974-இல் ஃபிரீட்மனும் ரோசன்மனும் பொதுமக்களுக்காக எழுதிய நூல் அமோகமாக விற்றது. ‘டைப் ஏ’ என்ற சொல் ஆய்வுக்கூடத்திலிருந்து வீடுகளுக்கும் அலுவலகங்களுக்கும் போய்ச் சேர்ந்தது. 1981-இல் அமெரிக்க அரசின் தேசிய இதய நிறுவனம் கூட்டிய நிபுணர் குழு, இந்த நடத்தையும் ரத்த அழுத்தம், கொலஸ்டிரால், புகைப்பழக்கம் போன்ற ஓர் ஆபத்துக் காரணிதான் என்று ஒப்புக்கொண்டது. இதய மருத்துவத்தில் மனத்துக்கு அப்படி ஓர் இடம் கிடைத்தது அதுவே முதல் முறை.

புகையிலைக்குக் கிடைத்த கேடயம்

இந்தக் கதையில் மறைக்கக்கூடாத பக்கம் ஒன்று உண்டு. புகைபிடித்தால் நுரையீரல் புற்றுநோய் வருகிறது என்று 1964-இல் அமெரிக்க அரசின் தலைமை மருத்துவ அதிகாரியின் அறிக்கை சொன்ன பிறகு, சிகரெட் நிறுவனங்களுக்குத் தற்காத்துக்கொள்ள ஏதாவது தேவைப்பட்டது. நோய்க்குக் காரணம் சிகரெட் இல்லை, சிகரெட்டை நாடும் பதற்றமான குணம்தான் என்று சொல்ல முடிந்தால் அதைவிட அவர்களுக்கு வேறென்ன வேண்டும்?

வழக்குகளால் பின்னாளில் வெளியே வந்த உள்ஆவணங்களை ஆராய்ந்து 2012-இல் ஒரு கட்டுரை வெளிவந்தது. ஏ-வகை ஆராய்ச்சிக்குப் புகையிலைத் தொழில் பெரிய அளவில் பணம் கொடுத்ததையும், தனக்குச் சாதகமான முடிவுகளை மட்டும் பொறுக்கி எடுத்துப் பயன்படுத்தியதையும் அது காட்டியது. முன்னணியில் நின்றது ஃபிலிப் மோரிஸ் நிறுவனம். ஃபிரீட்மனின் ஆய்வுப் பணிகளுக்கும் அந்தப் பணம் போயிருக்கிறது.

அதனால் அவர்கள் கண்டது எல்லாமே பொய் என்று ஆகிவிடாது. முதல் ஆய்வுகள் நேர்மையான கேள்வியிலிருந்து பிறந்தவை. ஆனால் “டென்ஷனில்தான் நெஞ்சுவலி வந்தது, சிகரெட்டால் இல்லை” என்று இன்றும் ஒருவர் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொள்ளும்போது, அந்தச் சமாதானத்தை வளர்க்க ஒரு தொழிலே பணம் கொட்டியது என்பதை அவர் தெரிந்துகொள்ள வேண்டும். புகைபிடிப்பவரின் இதயத்துக்கு முதல் எதிரி புகைதான்.

சரிந்த முத்திரை

1980-களில் சரிவு தொடங்கியது. இதயநோய் ஆபத்து அதிகமுள்ள ஆண்களை வைத்து அமெரிக்காவில் நடந்த இன்னொரு பெரிய ஆய்வில், ஏ-வகைக்கும் மாரடைப்புக்கும் தொடர்பே தெரியவில்லை. 1985-இல் அந்த முடிவு வெளிவந்தது. 1988-இல் இன்னும் பெரிய அதிர்ச்சி. முதல் பெரிய ஆய்வில் இருந்த அதே கலிபோர்னிய ஆண்களில் இதயநோய் வந்து பிழைத்தவர்களை எடுத்துப் பார்த்தபோது, ஏ-வகையினர் பி-வகையினரைவிட நீண்ட காலம் வாழ்ந்திருந்தார்கள்.

ஏன் இப்படி? ஏ-வகை என்ற ஒரே மூட்டைக்குள் பல சரக்குகளைச் சேர்த்துக் கட்டியிருந்தார்கள் என்பதே விடை. வேலையில் ஆர்வம், வேகம், போட்டி, நேர அவசரம், எரிச்சல், பகை எல்லாம் ஒன்றாகக் கிடந்தன. சுறுசுறுப்பாக உழைக்கிற ஆசிரியரும், எதிரில் வருகிறவரையெல்லாம் சந்தேகத்தோடு பார்த்துச் சீறுகிற மேலாளரும் ஒரே பெட்டிக்குள் விழுந்தார்கள். இருவர் நெஞ்சுக்கும் ஒரே ஆபத்து என்று எதிர்பார்த்தது தவறு.

மூட்டையைப் பிரிக்கும் வேலைக்குக் கைகொடுத்தவை அந்தப் பழைய ஒலிநாடாக்கள். முதல் பெரிய ஆய்வில் பதிவான நேர்காணல்களை மறுபடி போட்டுக் கேட்டார்கள். இதயநோய் வந்த 250 பேர், வராத 500 பேர். குரலின் வேகம் தனியாக, உரப்பு தனியாக, போட்டி மனம் தனியாக, பகையுணர்வு தனியாக என்று பிரித்து மதிப்பெண் போட்டார்கள். எல்லாவற்றையும் ஒன்றோடொன்று வைத்துப் பார்த்தபோது மற்றவையெல்லாம் பின்தங்க, மிஞ்சி நின்றது பகையுணர்வு. வேகமாக வேலை செய்வது இதயத்தை அறுக்கவில்லை. எதிராளியைக் குத்துகிற, எரிந்து விழுகிற, யாரையும் நம்பாத மனமே அறுத்தது.

டியூக் பல்கலைக்கழகத்தின் ரெட்ஃபோர்டு வில்லியம்ஸும் அவருடைய சகாக்களும் இதே முடிவுக்கு வேறு வழியில் வந்து சேர்ந்தார்கள். மருத்துவக் கல்லூரியில் படித்தபோது மனநலக் கேள்வித்தாளுக்குப் பதில் எழுதியிருந்த 255 பேர் கால் நூற்றாண்டுக்குப் பிறகு எப்படி இருக்கிறார்கள் என்று தேடிப் பார்த்தார்கள். மாணவப் பருவத்திலேயே பகையுணர்வு மதிப்பெண் அதிகம் பெற்றிருந்தவர்களுக்கு இதயநோய் பல மடங்கு அதிகமாக வந்திருந்தது.

பிறகு நடந்த பல ஆய்வுகளையும் தொகுத்து 2009-இல் வந்த கணக்கு, அந்த ஆபத்தைச் சரியான அளவுக்குக் கொண்டுவந்தது. ஆரோக்கியமாக இருப்பவர்களிடம் கோபமும் பகையும் இதயநோய் வாய்ப்பை ஏறக்குறைய 19 சதவீதம் கூட்டுகின்றன. ஏற்கெனவே இதயநோய் உள்ளவர்களிடம் நிலைமை மோசமாகும் வாய்ப்பை 24 சதவீதம் கூட்டுகின்றன. அன்று சொன்ன ஏழு மடங்கு இல்லை இது. புகைபிடிப்பதற்குப் பக்கத்தில் வைத்தால் சிறியதே. ஆனால் கோடிக்கணக்கானவர்களின் அன்றாடத்தில் கலந்திருக்கிற ஒன்று இவ்வளவு செய்கிறது என்றால் அதைச் சிறியது என்று ஒதுக்கிவிட முடியாது.

இன்று: கோபம் வந்த இரண்டு மணி நேரம்

கோபம் உயிரைக் குடிக்கும் என்பது மருத்துவர்களுக்குப் புதிய சேதி இல்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் புகழ்பெற்ற ஸ்காட்லாந்து அறுவை மருத்துவர் ஜான் ஹன்டர் பல ஆண்டுகள் நெஞ்சுவலியோடு வாழ்ந்தவர். தன்னைச் சீண்டி எரிச்சலூட்டும் எவன் கையிலும் தன் உயிர் இருக்கிறது என்ற பொருளில் அவர் சொல்லிக்கொண்டிருந்தார். 1793 அக்டோபர் 16-ஆம் தேதி லண்டனின் செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனையில் நடந்த நிர்வாகக் கூட்டத்தில் ஒருவர் அவரை எதிர்த்துப் பேசினார். ஹன்டர் கோபத்தை அடக்கிக்கொண்டு எழுந்து பக்கத்து அறைக்குப் போனார், அங்கேயே விழுந்து இறந்தார்.

ஹன்டர் தன் உடம்பில் உணர்ந்ததை இன்று எண்ணால் சொல்ல முடிகிறது. மாரடைப்பு வந்து பிழைத்தவர்களிடம் அதற்கு முந்தைய மணிநேரங்களைப் பற்றி விசாரித்த அமெரிக்க ஆய்வு 1995-இல் வெளிவந்தது. கடுங்கோபம் வந்த அடுத்த இரண்டு மணி நேரத்தில் மாரடைப்பு ஆபத்து இரு மடங்குக்கு மேல் கூடுவதாக அது சொன்னது. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2014-ஆம் ஆண்டுக் கணக்கில் அது நான்கு மடங்கைத் தாண்டியது. இதைப் படித்துப் பயப்படத் தேவையில்லை. ஆரோக்கியமான ஒருவருக்கு அந்த இரண்டு மணி நேரத்தின் ஆபத்து மிகச் சிறியது, அது பெருகினாலும் சிறியதாகவே இருக்கும். ஏற்கெனவே தமனியில் அடைப்பு உள்ளவர் ஒரு நாளில் பல முறை கொதித்தெழுந்தால்தான் கணக்கு ஏறிக்கொண்டே போகும்.

உள்ளே என்ன நடக்கிறது? கோபம் வந்ததும் அட்ரினலின், நார்அட்ரினலின் சுரந்து இதயத்துடிப்பும் ரத்த அழுத்தமும் எகிறுகின்றன. ரத்தத் தட்டணுக்கள் எளிதில் ஒட்டும் தன்மை பெறுகின்றன. தமனிச் சுவரில் ஏற்கெனவே படிந்திருக்கும் கொழுப்புத் திட்டு அந்த அழுத்தத்தில் வெடித்தால், அந்த இடத்தில் ரத்தம் உறைந்து வழியை அடைக்கிறது. 2024-இல் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆரோக்கியமான 280 பேரை வைத்து ஒரு சோதனையை வெளியிட்டார்கள். தன்னைக் கோபப்படுத்திய பழைய சம்பவம் ஒன்றைப் பற்றி எட்டு நிமிடம் பேசியவர்களின் ரத்தக் குழாய்களுக்கு விரிந்து கொடுக்கும் திறன் குறைந்தது. நாற்பது நிமிடம்வரை அந்த விளைவு நீடித்தது. கவலையையும் துயரத்தையும் நினைத்தவர்களிடம் அந்த அளவு பாதிப்பு தெரியவில்லை. எட்டு நிமிடப் பேச்சுக்கு நாற்பது நிமிடச் சுணக்கம். அதுவும் எப்போதோ நடந்து முடிந்த சம்பவத்தை நினைத்து.

வாயைத் திறந்தால் ஏறும் அழுத்தம்

அன்றைய நேர்காணல் அறையில் குரலைக் கேட்டவர்கள் அதை ஓர் அடையாளமாக மட்டுமே பார்த்தார்கள். குரலை வைத்து மனிதரைக் கண்டுபிடிக்கலாம் என்பது அவர்கள் எண்ணம். பேசும் செயலே இதயத்தின் மேல் வேலை செய்கிறது என்பது பின்னால்தான் தெரிந்தது.

மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் லிஞ்ச் என்ற உளவியலாளர், தானாகவே அடிக்கடி ரத்த அழுத்தத்தை அளக்கும் கருவியை நோயாளிகளின் கையில் கட்டிவிட்டு அவர்களோடு உரையாடினார். பேசத் தொடங்கியதும் அழுத்தம் ஏறியது, பேச்சை நிறுத்திக் கேட்கத் தொடங்கியதும் இறங்கியது. ஏற்கெனவே ரத்தக் கொதிப்பு உள்ளவர்களுக்கு ஏற்றம் இன்னும் அதிகம். மூச்சு விடாமல் வேகமாகப் பேசினால் மேலும் அதிகம். காது கேளாதவர்கள் சைகையில் பேசும்போதும் அப்படியே. 1985-இல் தன் நூலில் இதையெல்லாம் விரிவாக எழுதினார். உரையாடல் என்பது ரத்த ஓட்டத்திலும் நடக்கிறது என்பதை அவரைப் போல அழுத்தமாகச் சொன்னவர்கள் குறைவு.

அதே மாநிலத்தில் ஆரன் சீக்மன் என்ற உளவியலாளர் 1990-இல் இன்னும் நுணுக்கமான ஒன்றைக் காட்டினார். தங்களைக் கோபப்படுத்திய சம்பவத்தை ஒரு முறை வேகமாகவும் உரக்கவும், ஒரு முறை வழக்கம்போலவும், ஒரு முறை மெதுவாகவும் தணிந்த குரலிலும் சொல்லச் சொன்னார். சம்பவம் ஒன்றேதான். ஆனால் உரக்கச் சொன்னபோது ரத்த அழுத்தமும் துடிப்பும் ஏறின, கோபமும் கூடியது. தணிந்த குரலில் சொன்னபோது மூன்றும் அடங்கின. உள்ளே இருக்கும் கோபம் குரலை உயர்த்துகிறது என்று நாம் நினைக்கிறோம். உயர்ந்த குரல் உள்ளே இருக்கும் கோபத்தை ஊதிவிடுகிறது என்பதும் அதே அளவு உண்மை. மனத்தில் இருப்பதைக் கத்திக் கொட்டிவிட்டால் பாரம் குறையும் என்பது பலருடைய நம்பிக்கை. இதயத்தைக் கேட்டால் அது ஒப்புக்கொள்ளாது.

இந்த அறிவு இன்று மருத்துவ வழிகாட்டுதல்களிலேயே இடம்பெற்றிருக்கிறது. பி.பி. பார்க்கும் முன் ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்திருக்க வேண்டும், அளக்கும்போது பேசக்கூடாது என்கிறார்கள். பேசிக்கொண்டே இருந்தால் அளவு பத்துப் புள்ளிவரை கூடுதலாகக் காட்டலாம். நம் ஊர்க் கிளினிக்குகளில் கையில் பட்டை கட்டியிருக்கும்போதே மாத்திரை, சம்பளம், மகன் கல்யாணம் என்று பேச்சு நடக்கும். கூட வந்தவரும் சேர்ந்துகொள்வார். அப்படி எடுத்த எண்ணை வைத்து மாத்திரையைக் கூட்டுவது நோயாளிக்கு நியாயம் செய்வதாகாது.

பேசாதவர்களின் நெஞ்சு

அன்றைய ஆய்வு உரக்கப் பேசியவர்களை மட்டுமே ஆபத்தில் இருப்பவர்களாகக் கண்டது. ஆய்வில் இருந்தவர்களும் ஆண்கள் மட்டுமே. வாய் திறக்காதவர்கள் கணக்கில் வரவே இல்லை. இன்றைய பார்வையில் ஏற்பட்டிருக்கும் பெரிய மாற்றங்களில் இதுவும் ஒன்று.

பெல்ஜியத்தைச் சேர்ந்த உளவியலாளர் யோஹான் டெனோலெட் 1990-களில் ‘டி-வகை’ என்ற ஒன்றை முன்வைத்தார். எப்போதும் கவலை, சோர்வு, எரிச்சல் உள்ளே இருக்கும், ஆனால் பிறர் என்ன நினைப்பார்களோ என்ற தயக்கத்தில் அதை யாரிடமும் சொல்லமாட்டார்கள். 1996-இல் 303 இதய நோயாளிகளை வைத்து அவர் வெளியிட்ட ஆய்வில், அந்த வகையினரில் 27 சதவீதம் பேரும் மற்றவர்களில் 7 சதவீதம் பேரும் இறந்திருந்தார்கள். மறுபடியும் பெரிய எண், மறுபடியும் பரபரப்பு. பிறகு வந்த பெரிய ஆய்வுகள் சிலவற்றில் அந்த அளவு வித்தியாசம் தெரியவில்லை. ஏ-வகைக்கு நடந்ததே டி-வகைக்கும் நடந்தது. மனிதரை எழுத்துகளால் பெட்டி போடும் முயற்சி இரண்டு முறையும் ஆரம்பத்தில் மின்னி, பிறகு மங்கியது.

ஆனால் பேசாமல் இருப்பதைப் பற்றிய இன்னொரு சேதி கவனிக்கத்தக்கது. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஃபிராமிங்ஹாம் ஊரில் தலைமுறை தலைமுறையாக நடந்துவரும் இதய ஆய்வில், ஏறக்குறைய 3,700 ஆண்களையும் பெண்களையும் பத்து ஆண்டுகள் தொடர்ந்தார்கள். கணவனோடு சச்சரவு வரும்போது மனத்தில் உள்ளதைச் சொல்லாமல் அடக்கிக்கொண்ட பெண்களுக்கு, சொன்ன பெண்களைவிட அந்தப் பத்து ஆண்டுகளில் இறக்கும் வாய்ப்பு நான்கு மடங்கு அதிகம் என்று 2007-இல் தெரிவித்தார்கள். இது எல்லாக் காரணங்களாலும் நேர்ந்த மரணத்தைச் சேர்த்த கணக்கு. ஆண்களிடம் இந்த வித்தியாசம் காணப்படவில்லை. ஓர் ஆய்வை வைத்துத் தீர்ப்பு எழுதிவிட முடியாது. இருந்தாலும் “அவள் எதுவும் பேசமாட்டாள், அவ்வளவு பொறுமை” என்று ஒரு பெண்ணைப் புகழும் வீடு, அந்தப் பொறுமைக்கு என்ன விலை கொடுக்கிறாள் என்று ஒரு முறையாவது அவளைக் கேட்க வேண்டும்.

கத்துவதும் கெடுக்கிறது, விழுங்குவதும் கெடுக்கலாம் என்றால் நடுவில் என்ன இருக்கிறது? சொல்ல வேண்டியதைத் தணிந்த குரலில், ஆளைத் தாக்காமல், உரிய நேரத்தில் சொல்லும் பழக்கம் இருக்கிறது. அது பிறவிக் குணம் இல்லை, கற்றுக்கொள்ளக் கூடியது.

படுக்கையும் பயிற்சியும்

ஐசன்ஹோவர் மாரடைப்புக்குப் பிறகு ஏறக்குறைய ஏழு வாரம் மருத்துவமனையில் இருந்தார். அன்று ஓய்வுதான் பெரிய மருந்து. அடைப்பை நீக்கும் வழி இல்லை, தீவிர இதயச் சிகிச்சைப் பிரிவுகள்கூட 1960-களில்தான் வந்தன. நோயாளியிடம் சொல்லப்பட்ட அறிவுரை ஒன்றே ஒன்று: அலட்டிக்கொள்ளாதீர்கள். எப்படி அலட்டிக்கொள்ளாமல் இருப்பது என்று யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. இன்று உரிய நேரத்தில் வந்து சேருகிறவருக்கு அடைப்பை நீக்கி ஸ்டென்ட் வைத்து, சில நாள்களில் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள்.

அலட்டிக்கொள்ளாமல் இருப்பதற்கு முறையான பயிற்சியை உருவாக்கியவரும் ஃபிரீட்மனே. 1970-களின் கடைசியில் சான்ஃபிரான்சிஸ்கோ வட்டாரத்தில் மாரடைப்பிலிருந்து பிழைத்த ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைச் சேர்த்தார். ஒரு பிரிவினருக்கு வழக்கமான ஆலோசனை மட்டும். இன்னொரு பிரிவினருக்கு அதோடு நடத்தையை மாற்றும் குழுப் பயிற்சி. கடையில் நீளமான வரிசையைத் தேடி நிற்க வேண்டும். சாலையில் மெதுவாகப் போகும் தடத்தில் வண்டி ஓட்ட வேண்டும். அடுத்தவர் பேசி முடிக்கும்வரை குறுக்கிடக் கூடாது. தவறு தன்னுடையது என்று வாய்விட்டுச் சொல்லிப் பழக வேண்டும். ஒரு சிறு சம்பவத்தைப் பக்கம் பக்கமாக விவரிக்கும் பிரெஞ்சு எழுத்தாளர் மார்செல் புரூஸ்டின் பெரிய நாவலைப் படிக்கச் சொல்வதும் அவர் வழக்கம். நாலரை ஆண்டு முடிவில், வழக்கமான ஆலோசனை பெற்றவர்களில் 21 சதவீதம் பேருக்கும் பயிற்சி பெற்றவர்களில் 13 சதவீதம் பேருக்கும் மறுபடி மாரடைப்பு வந்தது. வகை பிரித்த கொள்கை தோற்றது, பழக்கத்தை மாற்றிய சிகிச்சை வென்றது. ஃபிரீட்மனுக்கே மாரடைப்பு வந்திருக்கிறது. தான் ஏ-வகை என்பதை ஒப்புக்கொண்டு தன்னையும் மாற்றிக்கொண்ட அவர் 90 வயதுவரை வாழ்ந்து 2001-இல் இறந்தார்.

அந்தப் பயிற்சி முறை இன்றும் வேறு வடிவங்களில் தொடர்கிறது. ஸ்வீடனின் உப்சாலாவில் 362 இதய நோயாளிகளுக்கு நடந்த சோதனையின் முடிவு 2011-இல் வந்தது. அவசரத்தையும் எரிச்சலையும் கையாளக் கற்றுத்தந்த இருபது குழு அமர்வுகளில் கலந்துகொண்டவர்களுக்கு, அடுத்த ஏறக்குறைய எட்டு ஆண்டுகளில் இதய, ரத்தநாள நோய்த் தாக்குதல் 41 சதவீதம் குறைந்தது. வழக்கமான மருந்துகளுக்கு மேலே கிடைத்த பலன் இது.

நமக்கு ஏன் இது அவசரம்

கேரளத்தில் பிறந்த இதய மருத்துவர் சலீம் யூசுஃப் தலைமையில் 52 நாடுகளில் நடந்த ஆய்வு, மன அழுத்தத்தை மாரடைப்பின் முக்கியமான காரணங்களில் ஒன்றாக 2004-இல் உறுதிசெய்தது. புகை, ரத்தக் கொதிப்பு, சர்க்கரை, கெட்ட கொழுப்பு ஆகியவற்றோடு அதே பட்டியலில் அதுவும் இருந்தது. அதே ஆய்வில் தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வந்த இடைநிலை வயது 53. மற்ற நாட்டவருக்கு ஏறக்குறைய 59. ஆறு ஆண்டுகள் முன்கூட்டியே அடிபடுகிற மக்கள் நாம்.

நாம் வாழும் சூழலும் அன்றைய கலிபோர்னிய ஆண்களின் சூழலைவிட அவசரமானது. அவர்களுக்கு அலுவலகத் தொலைபேசி அலுவலகத்தோடு நின்றது. நம் கைப்பேசி படுக்கைவரை வருகிறது. நண்பர் அனுப்பிய குரல் செய்தியைக்கூட இரட்டை வேகத்தில் ஓடவிட்டுக் கேட்கிறோம். சிக்னல் பச்சையாகும் முன்பே பின்னாலிருந்து ஹார்ன் அடிக்கிறது. முகம் தெரியாதவரோடு வாட்ஸ்அப் குழுவில் நடக்கும் சண்டைக்கு முகம் சிவந்து, பக்கத்தில் இருக்கும் பிள்ளையிடம் எரிந்து விழுகிறோம்.

இதில் செய்யக்கூடியவை கடினமானவை அல்ல. சண்டை சூடேறும்போது முதலில் குரலை இறக்குங்கள், சொற்களை மெதுவாக்குங்கள். கோபம் அடங்கிய பிறகு சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டுவிடாதீர்கள். வீட்டில் வாய் திறக்காத ஒருவர் இருந்தால், அவர் பேசுவதற்கு இடம் கொடுங்கள். பி.பி. அளக்கும்போது வாய் மூடி உட்காருங்கள். ஒரு பெரும் கோபத்துக்குப் பிறகு நெஞ்சு இறுகினால், மூச்சு வாங்கினால், இடது கையோ தாடையோ வலித்தால், “டென்ஷன்தான், சரியாகிவிடும்” என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். புகையை விடுவதும், கொழுப்பு, சர்க்கரை, ரத்தக் கொதிப்பைக் கட்டுக்குள் வைப்பதும் இதற்கெல்லாம் முன்னால் நிற்க வேண்டியவை. பேச்சுப் பழக்கம் அவற்றுக்கு மாற்று ஆகாது, துணைதான் ஆகும்.

“என் சுபாவமே அப்படி” என்று சொல்லி ஒதுங்கிவிடலாம் என்று அறிவியல் ஒருகாலத்தில் நமக்கு இடம் கொடுத்தது. இன்று அந்த இடம் இல்லை. ஏ-யும் டி-யும் வந்து போன எழுத்துகள். எரிந்து விழுவது பழக்கம், பழக்கம் மாறக்கூடியது என்பது சோதித்து அறிந்த முடிவு. அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது சர்க்கரையையும் கொழுப்பையும் சொல்வதுபோலவே, ஒரு வாரத்தில் எத்தனை முறை கொதித்தெழுகிறீர்கள் என்பதையும் அவரிடம் சொல்லுங்கள்.